ஒரு மூடி உரம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

மீன்தொட்டிக் கண்ணாடியில் மறுபடியும் பாசி. செடிகளுக்கு விடும் திரவ உரம் கூடினால்தான் இப்படி வரும். ஆய்வுகூடத்தில் என் வேலை நேரம் மாறிக்கொண்டே இருப்பதால், ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் என் கணவரிடம் அதை ஒப்படைத்திருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு மூடி. ஆனால் போத்தல் வேகமாகக் குறைகிறது.

வீடு கூட்ட வரும் சாந்தி கொட்டிவிட்டு மறைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இன்று அவள் வரவில்லை. நான் நேரத்தோடு வந்து, குசினிக்குள் அடுப்புப் பக்கம் நின்று தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் ஒரு மூடி அளந்து ஊற்றினார். மூடியைக் கழுவினார். கதிரையில் இருந்து பேப்பர் வாசித்தார். பிறகு எழும்பிப் போய், திரும்பவும் போத்தலை எடுத்தார்.

"இப்பத்தானே விட்டனீங்கள்?" என்றேன்.

"இல்லையப்பா, இண்டைக்கு இன்னும் விடேல்லை. நீர் களைச்சுப்போய் வந்திருக்கிறீர்" என்று சிரித்தார்.

இவர் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். அந்த முகத்தில் பொய் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சரி, நான் விடுறன், தாங்கோ" என்று போத்தலை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

போன கிழமை பால் கருகி அடிப்பிடித்ததற்கும் சாந்தியைத்தான் ஏசினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் சட்டியைத் தேய்த்தாள். அவளுக்கு முதலே தெரியுமோ?

மகளுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

கேஸ் அடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.