இலுப்பையில் தொங்கும் செருப்பு

கீழப்பழுவூர்,
ஆடிக் கடைசி

அன்புள்ள வெற்றிச்செல்விக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், என் மூட்டுவலியும் ஒரு குறைவுமின்றி நலமாகவே இருக்கிறது. அங்கே நீயும், வலி நீங்கலாக, அவ்வாறே இருப்பாய் என நம்புகிறேன்.

புரட்டாசியில் வரப்போவதில்லை என்று நீ தொலைபேசியில் சொன்னபோது, சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கோபம் என்று எண்ணியிருப்பாய். கோபமில்லை, வாதிட இடமில்லாமற் போயிற்று. பல ஆண்டுகளாக வெறும் இலையோடு நின்ற, நீ ஆராயும் ஜெர்மனிக் காட்டுப் பீச் மரங்கள் ஒருசேர இவ்வாண்டுதான் காய்த்திருக்கின்றன, விதை உதிரும்போது நீ அங்கே இல்லாவிட்டால் இத்தனை காலம் காத்திருந்தது வீண் என்றாய். தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவளிடம் இதைவிட வலுவான சாக்கை யாராலும் சொல்ல முடியாது. விடுப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். உன் அறைக்கு வெள்ளையடித்து, மெத்தையையும் வெயிலில் போட்டு எடுத்தாயிற்று. அதைத் திரும்பச் சுருட்டி வைக்க எனக்குத் தெம்பில்லை, விரித்தபடியே கிடக்கட்டும்.

நம் கொல்லை இலுப்பையும் சில ஆண்டுகளாகப் பேருக்கு நாலு காய் விட்டுக்கொண்டிருந்தது, இவ்வாண்டு கிளை தாழக் காய்த்திருக்கிறது. வௌவால்கள் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டைகளை ஓட்டின் மேல் போடுகின்றன. இந்த வீட்டில் சத்தம் என்று இருப்பது இப்போது அது ஒன்றுதான். கோயில் விளக்குக்கு எண்ணெய் ஆட்டவென்று பக்கத்து வீட்டு நர்மதா கூடை கூடையாகப் பொறுக்கிப் போகிறாள், காய்ப்புக்குத் தானே காரணம் என்றும் சொல்லித் திரிகிறாள். காய்க்காத மரத்தை அவமானப்படுத்தவென்று தை மாதத்தில் கிளையில் ஒற்றைச் செருப்பைக் கட்டினாளாம். போன முறை நீ பின்கதவோரம் விட்டுப்போன செருப்பு அது. கேளாமல் எடுத்ததற்குக் கடிந்துகொண்டேன். "மரத்துக்கே ரோசம் வந்துடுச்சு டீச்சர், ஒங்க பொண்ணுக்கு எதக் கட்டணும்னு சொல்லுங்க, கட்டிப்புடலாம்" என்றாள். நான் பாடம் நடத்தத் தொடங்கினேன்.

மரத்துக்கு ரோசம் கிடையாது, சேமிப்பு உண்டு. காய்க்காத ஆண்டுகளில் தண்டிலும் வேரிலும் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்து ஒரே ஆண்டில் செலவழிக்கும் என்றேன். நீயோ, விதைக்கு வேண்டிய சர்க்கரையை அந்தந்த ஆண்டின் இலைகளே சமைத்துவிடுகின்றன, பல ஆண்டு சேர்ந்து ஒரே காய்ப்பில் கரைவது தழைச்சத்தாகிய நைட்ரஜன்தான் என்கிறாய். விதையையும் கட்டையையும் சோதித்து முடிவைச் சொல். நான் கற்பித்தது தவறென்றால் தயங்காமல் எழுது. என் மாணவர்கள் பலரும் தேர்வு முடிந்த அன்றே அதை மறந்துவிட்டார்கள், ஆகவே பெரிய சேதமில்லை. மரத்தைச் சொல்லி உன்னைக் குத்துவதாக நினைக்காதே. குத்த வேண்டுமானால் நேராகவே குத்துவேன்.

வெறும் காப்பியோடு காட்டுக்குப் போகாதே. உண்ணி கடித்தால் அலட்சியம் செய்யாதே. விதையெல்லாம் பழுதின்றிக் கைக்கு வரட்டும், உன் உழைப்பு வீணாகாதிருக்கட்டும், நீ நீடு நலமாக இரு.

ஒன்றை மட்டும் மறவாதே. கரைவது மாவுச்சத்தோ தழைச்சத்தோ, இப்படிக் கொட்டிக் காய்த்த மரம் மறு ஆண்டு ஓய்ந்துதான் நிற்கும். இதில் உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே அடுத்த புரட்டாசியில் உன்னிடம் சாக்கு எதுவும் இராது. செருப்பை நான் அவிழ்க்கச் சொல்லவில்லை. அதன் சோடி பின்கதவோரம் இருக்கிறது.

உன்
அம்மா