சுண்ணாம்புக் குன்றில் நான் போட்ட எரு

நம் பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். இங்கே நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறீர்கள்?

இங்கே ஒரு சின்ன விஷயம். கல் வெட்டி மொட்டையாகிப்போன சுண்ணாம்புக் குன்றில் பழைய செடிகளைத் திரும்ப வளர்க்கிறோம் அல்லவா? அதில் ஒரு குட்டைச் செடியின் இலையை மட்டும்தான் ஒரு நீல வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னும். செடி நோஞ்சானாக இருக்கிறதே என்று, யாரையும் கேட்காமல் எரு போட்டேன். எனக்குத் தெரியாத மண்ணா என்ற திமிர். களை இடுப்பளவு எழும்பி, குட்டைச் செடி அத்தனையும் மூச்சுமுட்டிச் செத்துவிட்டது. இந்த வருஷம் ஒரு பூச்சிகூட வரவில்லை. வேறெங்கும் அது இல்லையாம்.

மேற்பார்வை பார்க்கும் அம்மாவிடம் நானே போய் ஒத்துக்கொண்டேன்.

"இது பட்டினியில வளர்ற செடி பாட்டி. நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சீங்க, விடுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி அழுதார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பேத்தியிடம் சொல்லாதீர்கள், என் வேலையைப் பற்றிப் பள்ளியில் பீற்றிக்கொண்டிருக்கிறாள். வெயிலுக்குப் போட்டுக்கொள்ள உங்கள் முழுக்கைச் சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்காததானாலும் பரவாயில்லை. வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். எரு ஏறிய மண்ணை இன்றைக்கு நானே வழித்தெடுக்க வேண்டும்.