சின்ன கேமராவையே வாங்கு

அன்புள்ள டைரக்டர் அம்மாவுக்கு,

கேமராக்காரி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பிக்கை இல்லாவிட்டாலும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் போனும் மாமனாரின் கல்யாண வீடியோ ஸ்டுடியோ போனும் ஒன்றுதான். கல்யாண வீட்டுக்காரர்கள் அதில்தான் கூப்பிடுகிறார்கள். யார் கைக்கு எட்டுகிறதோ அவர் எடுத்துப் பேசுவார், வந்ததையும் படிப்பார்.

படிக்கிற காலத்தில் நாம் சேர்ந்து எழுதின டிக்கெட் கவுன்டர் பெண் கதையை, தயாரிப்பாளர் கிடைக்காமலே எடுக்கத் துணிந்துவிட்டாய். உன் தைரியம் யாருக்கு வரும்! பெரியதும் சின்னதுமாக இரண்டு ஹெச்டி கேமரா பெயரை அனுப்பி, தூக்கப்போறவ நீதானே, நீயே சொல்லு என்று கேட்டிருந்தாய்.

பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற எண்களைப் பார்த்து மயங்காதே. துல்லியம் இரண்டிலும் ஒன்றுதான். நம் கதை ஒரு சின்ன அறையில், ஒற்றை விளக்கில் நடக்கிறது. வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகப் பொரிகிறதா, வெளி மைக் சொருக இடம் இருக்கிறதா, பாதி வசனத்தில் பேட்டரி காலை வாருமா, இதைத்தான் பார்க்க வேண்டும்.

கையில் எடுக்காமல் சொல்லக் கூடாது என்று பெரியதை வாடகைக்கு வாங்கி வந்தேன். வீட்டில் சும்மா ஒரு சோதனை என்றேன். சமையலறையில் மாமியார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுத்தேன். அடியே, என்ன சொல்ல! கன்னத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு, அந்த இருட்டுக்குள்ளும் கண் தெரிகிறது. கல்யாணங்களில் பளீர் விளக்குப் போட்டு எல்லோர் முகத்தையும் சுண்ணாம்பு அடித்த சுவராக்கியே பழகின கை எனக்கு. ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் திருப்பிக் கத்தியிலிருந்து அவர் முகத்துக்குப் போனேன். அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தேன்.

அதை மாமனார் பார்த்துவிட்டார். தன் மனைவியை இப்படிப் பார்த்ததே இல்லை என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அடுத்த வாரம் புதுப் பெட்டி வந்து இறங்கியது. அதே கேமரா. உனக்காகத்தாம்மா வாங்கினேன், இனிமே பொண்ணு ரூமை இதுலயே எடு என்றார். மாமியார் அதன் தோள் வாரில் என் பெயரைத் தைத்தே கொடுத்தார். நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, சந்தோஷத்துல அவளுக்குப் பேச்சே வரல பாருங்கப்பா என்றார் என் வீட்டுக்காரர்.

மணப்பெண் அறைக்குள் போய் எடுக்க என்னை விட்டால் இவர்களிடம் ஆள் கிடையாது. புதுக் கேமராவைக் காட்டிக் காட்டியே கல்யாணத் தேதிகளை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நீ படப்பிடிப்புக்குச் சொன்ன மாதத்தில் எனக்கு ஒரு நாள்கூட மிச்சமில்லை. திட்டினால் பதிலுக்குச் சண்டை போடலாம். அடித்தால் ஓடி வந்துவிடலாம். தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே, இவர்களை நான் என்ன செய்வது? மூச்சு முட்டுகிறது.

அதனால் நீ சின்ன கேமராவையே வாங்கு. அதில் ஃபோகஸ் தானாக முகத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். கூட ஆள் வேண்டாம், ஸ்டாண்டில் வைத்து நீயே சமாளித்துவிடலாம். வெளிச்ச அளவை மட்டும் ஆட்டோவில் விடாதே. கவுன்டர் முன்னால் யாராவது வந்து நிற்கும்போதெல்லாம் படம் தானாக வெளுத்துவிடும். மைக் வாங்குவதில் கஞ்சத்தனம் பண்ணாதே. கடைசிக் காட்சியில் டிக்கெட்டிலிருந்து அவள் கண்ணுக்குப் போகிற இடத்தில் இந்தத் தானாகப் பிடிக்கிற ஃபோகஸ் கட்டாயம் தடுமாறும். எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அந்த இடத்தை இரண்டு ஷாட்டாகப் பிரித்துக்கொள்.

நீ எடுத்தால் படம் நன்றாகத்தான் வரும், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இவ்வளவு எழுதிவிட்டுக் கவரை ஒட்ட மனசு வரவில்லை. வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை இங்கே வா. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து வா. அவர்களிடம் அனுமதி கேட்காதே. அத்தனை பேர் முன்னாலும், படத்துக்கு வர்றியா என்று என்னைக் கேள். நான் சொல்லுகிற பதில் அவர்கள் காதிலும் விழட்டும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் முடியாது என்றுதான் சொல்லுவேன்.

உன்,
கேமராக்காரி