பெரியப்பாவின் தேக்கு

திருப்பதி, செவ்வாய் இரவு.

மரத்தில் துளைபோட்ட கை வலிக்கிறது. வயிறு மட்டும் குளிர்ந்திருக்கிறது.

பெரியப்பா ஆற்றை மறித்துத் தன் மாந்தோப்புக்குத் திருப்பிக்கொண்டவர். கீழே எங்கள் நிலம் காய்ந்தது. அவர் தம்பி, என் நைனா, பஞ்சாயத்தில் கேட்டபோது, "மழ இல்ல, ஆறு காஞ்சிபோச்சி. அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றார். ஊரே சிரித்தது. நைனா தலைகுனிந்து வீட்டுக்கு வந்ததை நான் பார்த்தேன்.

இன்று மரவளைய ஆய்வுக்காகப் புத்தூர் போய் அவர் தோப்புத் தேக்கைத் துளைத்து, பென்சில் தடிமனில் ஒரு குச்சி எடுத்தேன். மோர் கொடுத்தார். "நான் வச்ச மரம்மா. ரிப்போர்ட்ல என் பேரப் போடு, மறந்துடாத" என்றார்.

அறைக்கு வந்து லென்ஸில் பார்த்தேன். ஆண்டுக்கு ஒரு வளையம். தண்ணீர் கிடைத்த ஆண்டில் அது அகலம். முன்பே குச்சி எடுத்திருந்த எங்கள் தேக்கும் அவர் தேக்கும் ஒரே நாளில் நட்டவை. அவர் கரை போட்ட ஆண்டிலிருந்து அவர் மரம் கொழுத்திருக்கிறது, எங்கள் மரத்தில் வளையங்கள் நூல் நூலாக ஒடுங்கிவிட்டன. நான் ஏற்கெனவே துளைத்த, மழையை மட்டுமே குடிக்கும் மலைமரங்களில் ஒரு மாற்றமும் இல்லை. மழை பொய்க்கவில்லை, பெரியப்பா சொன்னதுதான் பொய்.

பேரை மறப்பேனா பெரியப்பா? இனிஷியலோடு போடுகிறேன்.