வெளியே விட்ட ஒரு துளி

அன்புத் தம்பிக்கு,

போனை நீ எடுப்பதே இல்லை. அதனால் எழுதுகிறேன். ஆபரேஷனுக்கு மறுநாள், "எடுத்த கிட்னியைக் குப்பையிலதானே போட்டிருப்பாங்க?" என்று கேட்டாய். இல்லைடா. நீ சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதால், அதில் கட்டி தொடாத ஓரத்தை எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பெயர் ஒட்டியிருக்காது. ஆனால் அந்த வாரம் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

அதிலிருந்து வளர்த்த செல்களை இன்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். கால்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தை அவற்றுக்குள் ஏற்றியிருந்தோம். சுற்றியிருந்த திரவத்தில் கால்சியமே கிடையாது. அதில் சமிக்ஞை தரும் ரசாயனம் ஒரு துளி விட்டேன். அது உள்ளே நுழையவில்லை, செல்லின் வெளிச்சவ்வைத் தொட்டதோடு சரி. உடனே, உள்ளே சேர்த்து வைத்திருந்த கால்சியத்தைச் செல்லே திறந்துவிட்டது. இருட்டில் செல்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாய் ஒளிர்ந்தன.

"ஏம்மா அழறீங்க? நல்லாத்தானே வேலை செய்யுது?" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"அதனாலதான் சார்," என்றேன்.

இன்னொரு கிட்னி உனக்குள் இந்த நிமிடமும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குத் தண்ணீர் வேண்டும். அம்மா தம்ளரோடு உன் அறை வாசலிலேயே நிற்கிறாளாம். கதவைத் திற.

உன் அக்கா