டாக்டரை இறக்கிவிட்ட கப்பல்

21-11-1974, வியாழன். சதுரங்கப்பட்டினம்.

இன்று ஸ்டெல்லாவோடு சண்டை. செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து கதை நோட்டைக் கொடுத்தவளுக்கு ஒரு டீகூடத் தரவில்லை.

பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து நாங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றி எழுதிவரும் கப்பல் கதை அது. நான் கேப்டன், ஸ்டெல்லா சமையல்காரன், ரஹ்மத் டாக்டர். ஒரே ஒரு சட்டம்தான்: அவரவர் ஆளை அவரவர்தான் பேசவைக்கலாம், நடக்கவைக்கலாம். அடுத்தவர் ஆளைத் தொடக்கூடாது.

ஸ்டெல்லா தொட்டுவிட்டாள். டாக்டர் ஏதோ துறைமுகத்தில் இறங்கிப் போய்விட்டாராம். இனி வரவே மாட்டாராம்.

"அவ ஆளை நீ எப்டி எறக்கலாம்?" என்று கத்தினேன்.

"கல்யாணமாகி காயல்பட்டினம் போனவ, மூணு தபாவும் ஒரு வரி எழுதாம நோட்டைத் திருப்பி அனுப்பிட்டா, மெஹரு. கப்பல் இன்னா, அவளுக்காவ நின்னுகினே இருக்குமா?"

நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இப்போது என் முறை. "நில்லுங்க கேப்டன், நானும் வரேன்" என்று டாக்டர் கரையிலிருந்து கூப்பிடுவதாக எழுதினேன். ரஹ்மத்தின் குரல் அப்படியே காதில் கேட்டது. பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அது அவள் எழுதவேண்டியது. நானே மீறிவிட்டு ஸ்டெல்லாவை என்ன சொல்ல?

ஆனால் கேப்டன் என் ஆள். கப்பலை அதே துறைமுகத்துக்குத் திருப்பி நங்கூரம் போடச் சொல்லிவிட்டார். சமையல்காரன் முணுமுணுப்பானோ என்னவோ, அது ஸ்டெல்லா பாடு.

அடுத்த பக்கத்தை வெறுமையாக விட்டு, மேலே ரஹ்மத் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.