ஊர்வலக் காருக்கு ஐந்து கியர்

நீடாமங்கலம்,
ஐப்பசி, மழை விடாத நாள்.

மகன் பரிதிக்கு அப்பா நல்லக்கண்ணு சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ போனை எடுப்பதில்லை. பேசி அனுப்பியதையும் நீ கேட்கவில்லை என்று ஜெராக்ஸ் கடை ஷமீரா சொல்கிறாள். அதனால் நான் சொல்லச் சொல்ல அவளை எழுதச் சொல்லி, உன் கூட்டாளி ஜெக்கரியாவின் ஓசூர் முகவரிக்குப் போடுகிறேன். காகிதம் என்றால் தூக்கி எறிய மாட்டாய் என்று ஒரு நினைப்பு.

சம்பா நட்டாயிற்று. வெண்ணாற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது. நம் வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதால் வயல் வடியவில்லை, நாற்று மூழ்கிக் கிடக்கிறது. அழுகினால் அழுகட்டும் என்று சொல்லிவிட்டு அம்மா வரப்பிலிருந்து வந்துவிட்டாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை.

கார் கொட்டகையில் இருக்கிறது. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன்.

நீ செய்த வேலைதான் ஒரு மனுஷன் கையை எடுத்துவிட்டது என்று ஜெக்கரியாவிடம் சொல்லிச் சொல்லி மாய்கிறாயாம். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் எழுதி வைத்துவிட்டு மறந்து போகலாம். எனக்கு எல்லாம் உள்ளேயே கிடந்து உறுத்துகிறது.

பண்ணை வீட்டார் ஊரைவிட்டுப் போகும்போது, தங்களுக்கு ஓட்டியவன் என்று எனக்கு விட்டுப்போன திறந்த கார் அது. தை மாதம் கியர் பெட்டியில் பல் உடைந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பல்லுக்கு எங்கே போவது? நீ புது ஜீப்பின் ஐந்து கியர் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினாய். இன்ஜினுக்கு உன் தாத்தா வயசு, பெட்டிக்கு உன் வயசுகூட இல்ல, ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைக்கப் போறியாடா என்று கேலி செய்தேன். பொருத்தம் பாத்தாச்சுப்பா, நாள்தான் குறிக்கணும் என்றாய். அம்மாகூடச் சிரித்தாள்.

அட்டை வெட்டி அளவெடுத்தாய். மன்னார்குடி லேத்தில் கனமான இரும்புத் தட்டு ஒன்று கடைந்து வந்து, இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்தாய். மையம் விலகிப் பெட்டி அலறியது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினாய். பெட்டி உட்கார இடம் போதாமல் காரின் தரையை வெட்டினாய். பின் அச்சையும் ஜீப்பினுடையதாகவே மாற்றினாய். ரயில்வே கேட்டில் நின்று கிளம்பியபோது கார் அலுங்கவில்லை. தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸைத் தாண்டி ஓடினோம். அந்த வேலையில் பழுது இல்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் அந்தக் காருக்குப் பிழைப்பு ரோட்டில் இல்லை, மாப்பிள்ளை அழைப்பில். மேளக்காரர்களுக்குப் பின்னால், ஆள் நடப்பதைவிட மெதுவாகப் போக வேண்டும். பழைய பெட்டியில் முதல் கியரைப் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிடலாம். கார் அதுபாட்டுக்கு மேளத்தின் பின்னாலேயே பசுமாடு மாதிரி வரும். புதுப் பெட்டியில் முதல் கியரே ஓடத்தான் பார்க்கிறது. மேளத்துக்குப் பின்னால் ஒருதரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, கூடவே இருந்த எனக்கும் தோன்றவில்லை, வெற்றிலையை மென்றுகொண்டு வேடிக்கை பார்த்த ஊருக்கும் தோன்றவில்லை.

ஆவணியில் வலங்கைமான் கல்யாணம். கோயிலில் கிளம்பியதிலிருந்து கிளட்சைப் பாதி மிதித்தபடியே வந்தாய். தீய்ந்த வாடை அடித்தது. பெண்ணின் மாமா எட்டிப் பார்த்து, என்னப்பா, மாப்பிள்ளைக்குச் சாம்பிராணி போடுறியா என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். உன் முழங்கால் நடுங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். கடைத்தெரு முனையில் மேளம் நின்றது. வழக்கப்படி தவில்காரர் குஞ்சிதபாதம் மாப்பிள்ளையைப் பார்க்கத் திரும்பி நின்று தவிலை வாசிக்க ஆரம்பித்தார். இதோ முடிப்பார், இதோ நகரச் சொல்வார்கள் என்று நீ கியரை எடுக்காமல் கிளட்சை மிதித்துக்கொண்டே இருந்தாய். அவரோ அன்றைக்கு என்றுமில்லாதபடி வாசித்தார். உன் கால் மரத்து நழுவியது. கார் ஒரு துள்ளு துள்ளி, அவரைக் கீழே தள்ளிவிட்டு அணைந்தது. அவர் கை தவிலுக்கு அடியில் இருந்தது.

அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றினாய். ஆஸ்பத்திரி வாசலில் திரும்பிப் பார்த்தேன், நீ இல்லை.

வலது மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்கள். விரல் மடங்கவில்லை. விரலில் கூடு மாட்டாமல் தவில் வாசிக்க முடியாது, இனி அவருக்குக் கூடு மாட்டவும் முடியாது. இதை உன்னிடம் மறைக்க நினைத்தேன். மறைத்தால் மீதி நான் சொல்வதையும் நீ நம்ப மாட்டாய்.

போலீஸ் வந்து கேட்டபோது, வண்டி நின்னுக்கிட்டுதான் சார் இருந்துச்சு, நாந்தான் வாசிப்பு மும்முரத்துல தடுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டார். அவர் சம்சாரம் காளியம்மாள் விடவில்லை. கியர மாத்துனவன் ஊர மாத்திக்கிட்டான், அவனுக்கு நீங்க வக்காலத்தா என்று அவரைக் கேட்டார். என் பக்கம் திரும்பி, உங்க மவன் வந்து மூஞ்சியக் காட்டட்டுங்க, நான் நாலு வார்த்தை கேக்கணும் என்றார். நியாயம்தானே. நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

போன வாரம் மறுபடி போனேன். குஞ்சிதபாதம் இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பாதி மடியில் சிந்தியது. என்னைப் பார்த்து, பையன் சாப்பிடுறானா என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் ஜெக்கரியா போன் போட்டான். நீ வேலைக்குப் போவதில்லை, ஸ்பேனரைத் தொடுவதில்லை, தண்டவாளத்துப் பக்கம் போய் நின்ற உன்னைத் தான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்ததாகச் சொன்னான். காத்து வாங்கப் போனேன் என்று அவனிடம் சொன்னாயாம். நான் இந்த ஊர் தண்டவாளத்தின் ஓரத்திலேயே கிழவன் ஆனவன். அங்கே யாரும் காற்று வாங்கப் போவதில்லை. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் தாங்க மாட்டாள்.

உனக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தக் கை திரும்பாது. அவர் வீட்டு வாசலில் போய் நின்றால் காளியம்மாள் கேட்பதை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். ஊர் பேசும். பயிரும் தேறாது போலிருக்கிறது. எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதச் சொன்னால் அது பொய். ஆனால் போனது ஒரு கையோடு நிற்கட்டும். அதற்குமேல் தூக்க எனக்குத் தோள் இல்லை.

உன்னை இப்போதே வா என்று கூப்பிடவில்லை. பேசவும் வேண்டாம். போனை இடுப்பிலேயே செருகி வைத்திருக்கிறேன், வயலுக்குப் போனாலும் கழற்றுவதில்லை. போட்டு ஒருதரம் இருமிவிட்டு வைத்துவிடு. உன் இருமல் எனக்குத் தெரியும். மறுநாளும் அப்படியே இருமு. அது போதும், நான் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வேன்.

வலங்கைமான் மகமாயி உன் காலடி எங்கே போகிறதோ அங்கெல்லாம் குறுக்கே வந்து நிற்கட்டும். நீ இருந்தால் போதும், ராசா. இரு.

கைநாட்டு வைக்கும் உன் அப்பா,
நல்லக்கண்ணு